மழை இல்லேன்னா தீவனம் வாங்கிப் போட வேண்டியதுதானே, எதுக்கு மாட்டையே விக்கிறாங்க?

வெட்டிப்பேச்சு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், முதல் தடவையா கேள்வி கேக்குறேன், முட்டாத்தனமா இருந்தா திட்டாதீங்க.

அமெரிக்காவுல மாட்டுக்கறி விலை எக்கச்சக்கமா ஏறிப்போச்சுன்னு ஒரு செய்தி படிச்சேன், அரைச்ச கறி ஒரு பவுண்டு 2025ல 6 டாலரைத் தாண்டிருச்சாம். காரணம் என்னன்னு பாத்தா வறட்சின்னு போட்டிருக்கான். அதுவும் இந்த வருஷத்து வறட்சி இல்லையாம், 2020ல ஆரம்பிச்சு 2022, 2023 வரைக்கும் இழுத்த வறட்சியாம். 2025 ஜனவரி கணக்குப்படி அந்த நாட்டுல மொத்தமே 8 கோடியே 67 லட்சம் மாடுதான், 1951க்கு அப்புறம் இவ்ளோ கம்மியா இருந்ததே இல்லன்னு எழுதியிருக்கான்.

எனக்கு ரெண்டு விஷயம் புரியல. ஒண்ணு, மழை இல்ல, புல் இல்ல, சரி. ஆயிரக்கணக்குல ஏக்கர் வெச்சிருக்குற ஆளுங்க, ஆறு மாசம் தீவனம் வாங்கிப் போட்டு சமாளிக்க முடியாதா, அதுக்குப் போய் சினை மாட்டைக் கூட அடிமாட்டுக்குத் தள்ளுவாங்களா? ரெண்டு, இப்போ விலைதான் உச்சத்துல இருக்கே, அப்போ அந்தப் பண்ணைக்காரங்க எல்லாம் இப்ப நல்லா சம்பாதிச்சிட்டுதானே இருப்பாங்க? அப்புறம் எதுக்கு இன்னும் வறட்சி வறட்சின்னு புலம்பல்? யாராச்சும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லப்பக்வாசி:

நல்ல கேள்விதாங்க, திட்ட ஒண்ணும் இல்ல. நான் 2009ல இருந்து 2016 வரைக்கும் மேற்கு டெக்சாஸ்ல லப்பக் பக்கம் வேலையில இருந்தேன், நான் வாடகைக்கு இருந்த வீட்டோட ஓனர் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர், எழுபது வயசு பெரியவர். 2011 வறட்சியை அவர் கூடவே இருந்து பாத்தேன், அதனால புத்தகத்துல படிச்சதை விட கண்ணால பாத்ததைச் சொல்றேன்.

முதல்ல அந்த "ஆயிரக்கணக்குல ஏக்கர்" மேட்டரை விடுங்க. ஏக்கர் நெறைய இருக்கும், ஆனா அந்த பூமியில ஒரு மாடு வருஷம் பூரா மேயணும்னா 20, 30 ஏக்கர் வேணும், இன்னும் மேற்க போனா அதுக்கும் மேல. இவர்கிட்ட மாடு மொத்தம் 60. அமெரிக்கா முழுக்க எடுத்தாலே ஒரு பண்ணைக்கு சராசரி கறிப்பசு 50க்கும் கம்மிதான், சினிமாவுல பாக்குற மாதிரி தொப்பி போட்டுக்கிட்டு பத்தாயிரம் மாட்டை ஓட்டிட்டுப் போறவன் ரொம்ப கொஞ்சம் பேர். நெறைய பேருக்கு வேற வேலை ஒண்ணு இருக்கும், பொண்டாட்டி டவுன்ல ஸ்கூல்லயோ ஆஸ்பத்திரியிலயோ வேலை பாப்பாங்க, அந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடும்.

2011ல லப்பக்ல மழை வருஷம் முழுக்க 6 இஞ்ச் கூட பெய்யல. வழக்கமா 18, 19 இஞ்ச் பெய்யுற ஊரு. டெக்சாஸ் வரலாற்றுலயே அந்த ஒரு வருஷ வறட்சிதான் மோசம்னு சொல்றாங்க. 100 டிகிரிக்கு மேல வெயில் அடிச்ச நாள் மட்டும் 48. அக்டோபர்ல ஒரு நாள் சாயங்காலம் வானம் செவப்பா ஆகி மண்ணு மலை மாதிரி எழும்பி வந்து ஊரையே மூடிருச்சு, நான் கார் ஹெட்லைட் போட்டுக்கிட்டு ரோட்டோரமா நின்னேன், அந்தப் பெரியவர் அன்னைக்கு சொன்னாரு "போற மண்ணு என் மேய்ச்சக்காட்டு மண்ணு"ன்னு.

இப்போ தீவனக் கணக்குக்கு வருவோம். 500 கிலோ எடை இருக்குற பசு ஒரு நாளைக்கு 12 கிலோ காஞ்ச புல் தின்னும். 50 மாட்டுக்கு 600 கிலோ. ஆறு மாசத்துக்கு கணக்கு போட்டா 108 டன், அதாவது அந்த உருண்டைக் கட்டு இருக்கு பாருங்க, அரை டன் எடை, அதுல 200க்கு மேல வேணும். நல்ல வருஷத்துல குளிர்காலத்துக்கு மட்டும் போடுறது. அந்த வருஷம் ஏப்ரல்லயே ஆரம்பிச்சிட்டாரு. வறட்சி உனக்கு மட்டும் வந்தா பக்கத்து ஊர்ல வாங்கலாம், ஆனா வறட்சி மாநிலம் பூராவும் வந்தா எல்லாரும் ஒரே புல்லுக்கு அடிச்சிக்கிறாங்க, விலை ரெண்டு மடங்கு, அப்புறம் அதை வடக்கு மாநிலங்கள்ல இருந்து ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி லாரியில கொண்டு வரணும், லாரி வாடகை புல்லு விலைக்கு சமமா வந்து நிக்கும். அது மட்டுமா, இந்த ஆறு மாசம்னு நீங்க சொல்றது யாருக்குத் தெரியும்? வறட்சி ஆரம்பிக்கிறப்ப அது ஆறு மாசமா மூணு வருஷமான்னு எழுதி ஒட்டிட்டா வருது. ஆறு மாசம் தாங்குவோம்னு காசு கொட்டுனவன், ஏழாவது மாசம் காசும் போய் மாடும் எலும்பும் தோலுமா போய், அப்போ வித்தா பாதி விலை கூட வராது. சீக்கிரம் வித்தவன் பொழைச்சான்.

பெரியவர் படிப்படியா வித்தாரு. முதல்ல கிழட்டு மாடு, பல்லு தேஞ்சது. அப்புறம் சினை பிடிக்காதது. அப்புறம் முட்டுற மாடு, வேலி தாண்டுற மாடு. இதுவரைக்கும் மனசு வலிக்கல, எப்பிடியும் என்னைக்காவது விக்க வேண்டியதுதான். அதுக்கப்புறம்தான் நல்ல மாட்டுல கை வைக்கணும். ஏல மைதானத்துல ட்ரெய்லர் வரிசை ரோடு வரைக்கும் நிக்கும், நான் ஒரு தடவை கூடப் போனேன், காலையில அஞ்சு மணிக்கு வரிசையில நின்னு மத்தியானம்தான் இறக்க முடிஞ்சுது. யாரும் யார்கூடவும் பேசல. வழக்கமா அங்க அரட்டையும் காப்பியுமா இருக்குமாம்.

அந்த ஒரு வருஷத்துல டெக்சாஸ்ல கறிப்பசு மட்டும் 6 லட்சத்துக்கு மேல கொறைஞ்சது. எல்லாம் செத்துப் போகல, ஒரு பங்கு வேற மாநிலத்துக்குப் போச்சு, ஒரு பங்கு அடிமாட்டுக்கு. பல்கலைக்கழக விரிவாக்கத் துறை போட்ட கணக்குல மாநிலத்தோட விவசாய நஷ்டம் 762 கோடி டாலர், அதுல கால்நடை மட்டும் 323 கோடி.

இன்னொண்ணு மறந்துட்டேன். அங்க சப்பாத்திக்கள்ளி காடு மாதிரி வளரும். கேஸ் சிலிண்டரை முதுகுல மாட்டிக்கிட்டு தீ நாக்கு வர்ற குழாயை வெச்சு முள்ளை மட்டும் பொசுக்கி விடுவாங்க, மாடு பின்னாடியே வந்து தின்னும். அந்த பர்னர் சத்தம் கேட்டாலே மாடு ஓடி வரும். ஆனா அது முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், வயிறு நெறையும், சத்து கிடையாது, கூட பருத்திக்கொட்டை போட்டாத்தான் நிக்கும்.

மாட்டுடாக்டர்:

லப்பக்வாசி சொன்னது பூரா கரெக்ட், நான் கால்நடை மருத்துவன்கிற முறையில உடம்பு சைடுல என்ன நடக்குதுன்னு சேத்து சொல்றேன், ஏன்னா "பட்டினியால செத்துப் போகும்"னு மட்டும்தான் வெளியில இருக்குறவங்க நெனைக்கிறாங்க. பட்டினியில சாகறதுக்கு முன்னாடி வேற பத்து வழியில சாகும்.

காஞ்சு போன பழைய புல்லுல புரதம் 7 சதவீதத்துக்குக் கீழ போயிருச்சுன்னா ரூமன்ல, அதான் மாட்டோட முதல் வயித்துல, இருக்குற நுண்ணுயிர் சரியா வேலை செய்யாது. வயிறு உப்பலா இருக்கும், நல்லா தின்ன மாதிரி தெரியும், ஆனா மாடு இளைச்சுக்கிட்டே போகும். பச்சையே கண்ணுல காணாததால வைட்டமின் ஏ கொறையும், கன்னு குருடாவோ சவலையாவோ பொறக்கும்.

இப்போ முக்கியமான கணக்கு. பசுவுக்கு சினைக்காலம் 283 நாள். வருஷத்துக்கு ஒரு கன்னு வேணும்னா, கன்னு போட்டு 82 நாளுக்குள்ள மறுபடி சினை பிடிக்கணும். மாட்டோட கொழுப்பு, விலா தெரியுறது இதெல்லாம் பாத்து 1ல இருந்து 9 வரைக்கும் மார்க் போடுவாங்க, கன்னு போடுற நேரத்துல 5 இருக்கணும். 4க்கு எறங்குனா சினை தள்ளிப் போகும், 3ன்னா நெறைய மாடு அந்த சீசன்ல பருவத்துக்கே வராது. அப்படின்னா என்ன அர்த்தம், இந்த வருஷ வறட்சியோட நஷ்டம் அடுத்த வருஷம் பொறக்காத கன்னுலதான் தெரியும், இந்த வருஷக் கணக்குல வராது. அதனாலதான் அங்க வறட்சி வந்தா 7 மாசத்துல பால் மறக்கடிக்கிற கன்னை 3, 4 மாசத்துலயே பிரிச்சிருவாங்க. பால் நின்னா தாய்க்குத் தீவனம் கணிசமா மிச்சம், உடம்பு தேறும். கன்னுக்கு நல்ல அடர்தீவனம் போடணும், அது செலவு, ஆனா ஒரு கன்னைத் தேத்துறது ஒரு தாயைத் தேத்துறதை விட சல்லிசு.

அடுத்தது விஷம். வாடிப்போன சோளப்பயிர், சோளப்புல் வகை எல்லாத்துலயும் ரெண்டு ஆபத்து. ஒண்ணு சயனைடு, அது இளம் குருத்துல, வறட்சிக்கு அப்புறம் ஒரு சின்ன மழை பெஞ்சு துளிர் விடும் பாருங்க, அந்தத் துளிர்லதான் அதிகம். பசியில இருக்குற மாடு அதுக்குள்ள புகுந்தா சில நிமிஷத்துல விழும். ரெண்டாவது நைட்ரேட், அது தண்டோட அடிப்பாகத்துல சேரும். எப்படி பிரிச்சு சொல்றதுன்னா சயனைடுன்னா ரத்தம் பளிச்னு செவப்பா இருக்கும், நைட்ரேட்னா சாக்லேட் கலர்ல இருக்கும். மருந்தும் வேற வேற. இதுல பெரிய ஏமாத்து என்னன்னா, அறுத்துக் காய வெச்சா சயனைடு பெரும்பாலும் போயிரும், நைட்ரேட் போகாது, அப்படியே கட்டுக்குள்ள உக்காந்திருக்கும். தீவனப் பஞ்சத்துல எவனோ விக்கிற கட்டை டெஸ்ட் பண்ணாம வாங்கிப் போட்டு ஒரே ராத்திரியில மாடு இழந்தவங்க உண்டு. சாம்பிள் கொடுத்து டெஸ்ட் பண்றதுக்கு ஆகுற செலவு ஒரு மாட்டு விலையில ஒண்ணுமே இல்ல, ஆனா அந்த நேரத்துல யாருக்கும் பொறுமை இருக்காது.

தண்ணி இன்னொரு கதை. வெயில் காலத்துல பால் குடுக்குற பசு 60, 80 லிட்டர் குடிக்கும். குட்டை வத்த வத்த உப்பும் சல்பேட்டும் அடர்த்தியாகும், சல்பேட் அதிகமானா மூளை பாதிச்சு மாடு சுத்திச் சுத்தி வந்து விழும். மேல நீலப்பச்சைப் பாசி படரும், அதுவும் விஷம். கரை பூரா சேறு, எளைச்ச மாடு தண்ணிக்கு எறங்கி சேத்துல மாட்டிக்கிட்டு எழுந்திரிக்க முடியாம அங்கேயே போயிரும். அப்புறம் பாஸ்பரஸ் கொறைஞ்ச பூமியில மாடு எலும்பைக் கடிக்க ஆரம்பிக்கும், செத்த மாட்டோட எலும்பைக் கடிச்சா பாட்டுலிசம்னு ஒரு நச்சு நோய் வந்து கால் தளந்து விழுந்துரும். ஆக, செத்த ஒரு மாடு இன்னும் நாலு மாட்டைக் கூட்டிட்டுப் போகும்.

வெட்டிப்பேச்சு:

டாக்டர் சார், லப்பக் அண்ணா, ரொம்ப நன்றி, தலை சுத்துது. சின்ன மழை வந்தா நல்லதுன்னுதான் நெனச்சேன், அதுலயும் வினையா. சரி முதல் கேள்விக்கு பதில் கெடைச்சாச்சு. ரெண்டாவது இன்னும் அப்படியே நிக்குது, இப்போ விலை உச்சத்துல இருக்குறப்ப அவங்க நல்லாதானே இருக்காங்க?

கணக்குப்புள்ள:

விலை உச்சத்துல இருக்குறது விக்கிறதுக்கு மாடு வெச்சிருக்குறவனுக்கு. 2022ல வித்தவன்கிட்ட விக்க என்ன இருக்கு? அவன் இப்போ வாங்குற கட்சி ஆயிட்டான்.

கொஞ்சம் விவரமா சொல்றேன். மந்தையைத் திரும்ப உருவாக்குறதுன்னா கிடேரிக் கன்னை விக்காம வீட்டுலயே வெச்சுக்கணும். அதுக்கு 14, 15 மாசம் ஆனா சினை சேக்கலாம், ரெண்டு வயசுல கன்னு போடும், அந்தக் கன்னு வளந்து கறிக்குப் போக இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல. அதாவது இன்னைக்கு ஒரு கிடேரியை வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணா அதோட முதல் பலன் கடைக்கு வர மூணு நாலு வருஷம். அது வரைக்கும் அந்தக் கிடேரி வருமானம் இல்லாம தின்னுக்கிட்டிருக்கும். இன்னும் வேடிக்கை, வெச்சுக்கிட்ட கிடேரி எல்லாம் சந்தைக்கு வராதுல்ல, அதனால மந்தை வளர ஆரம்பிக்கிறப்ப விலை இன்னும் ஏறும். நீங்க செய்தியில படிச்ச மூணு வருஷ இடைவெளி இதுதான். 2023ல கூட கொழுக்க வைக்கிற கொட்டில்கள்ல இருந்ததுல கிட்டத்தட்ட 40 சதவீதம் கிடேரிங்க, அதாவது நாளைக்குத் தாயாக வேண்டியதை எல்லாம் கறிக்கு அனுப்பிட்டிருந்தாங்க. ஏன் வெச்சுக்கலன்னா, விலை நல்லா இருக்கு, வட்டி ஏறிப்போச்சு, பேங்க் கடன் கழுத்தை நெரிக்குது, கையில இருக்குறதை வித்து கடனைக் கட்டுவோம்னு நெனைக்கிறான். அவன் எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் பண்ணுவேன்.

இன்னொரு விஷயம், விலை உச்சத்துல இருக்கேன்னு நம்பி கடன் வாங்கி மந்தை கட்டுனவங்க கதையும் இருக்கு. 2011, 2012 வறட்சிக்கு அப்புறம் மாடு கொறைஞ்சு 2014ல விலை எகிறிச்சு. அந்த உச்சத்துல சினைக் கிடேரி வாங்குனான். 2015, 2016ல விலை சரசரன்னு எறங்குச்சு. ஒசந்த விலைக்கு வாங்குன மாடு போட்ட கன்னை எறங்குன விலைக்கு வித்தான். வறட்சியில தப்பிச்சு மழையில மாட்டுனவன்னு இவனைத்தான் சொல்லணும்.

வறட்சின்னாலே மாட்டு விலை விழும்னும் நெனைக்காதீங்க, அது எங்க காயுதுங்கறதைப் பொறுத்தது. 2011ல டெக்சாஸ் காஞ்சாலும் கன்னு விலை ரொம்ப விழல, ஏன்னா மழை பெஞ்ச வடக்குல வாங்க ஆள் இருந்தான். 2012ல காஞ்சது மக்காச்சோள மாநிலங்கள். மக்காச்சோளம் ஒரு புஷல் (அங்க தானியம் அளக்குற அளவு, சுமார் 25 கிலோ) 8 டாலருக்கு மேல போய் அதுவரைக்கும் இல்லாத உச்சத்தைத் தொட்டுது, கொட்டில்காரன் தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாதுன்னு கன்னு விலையைக் கொறைச்சுக் கேட்டான். அப்போ தன் ஊர்ல நல்ல மழை பெஞ்ச பண்ணைக்காரன் கூட நஷ்டப்பட்டான்.

அப்புறம் பண்ணைக்காரனோட நிக்கிற விஷயம் இல்ல இது. டெக்சாஸ்ல பிளெயின்வியூன்னு ஒரு சின்ன ஊரு, லப்பக்குக்குப் பக்கம்தான், அங்க இருந்த இறைச்சி ஆலையை 2013 ஆரம்பத்துல மூடுனாங்க, வெட்ட மாடு இல்ல. 2000 பேருக்கு மேல வேலை போச்சு. ஊர் ஜனத்தொகையே 22,000 சொச்சம். மாட்டைக் கண்ணால பாக்காத டீக்கடைக்காரனும் வாடகைக்கு வீடு விட்டவனும் வறட்சியில அடிபட்டான்.

நாலாவது_பெஞ்ச்:

எல்லாரும் கண்ணைக் கசக்கிட்டு இருக்கீங்க, நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். அமெரிக்காக்காரனுக்கு கவர்மெண்ட் பணம் அள்ளிக் குடுக்குது, இன்சூரன்ஸ் இருக்கு, வரியில சலுகை இருக்கு. மாட்டை அதிகமா விட்டு மேய்ச்சலைக் கெடுத்துட்டு அப்புறம் வறட்சி மேல பழி போடுறதும் உண்டு. அதையும் பேசுங்கப்பா.

கணக்குப்புள்ள:

பேசுவோமே. திட்டம் இருக்கு, இல்லன்னு யார் சொன்னா. மேய்ச்சல் இழப்புக்கு ஒரு நிவாரணத் திட்டம் இருக்கு, 1999ல இருந்து வாராவாரம் ஒரு வறட்சி வரைபடம் போடுறாங்க, டி0ல இருந்து டி4 வரைக்கும் கலர் அடிச்சு, உங்க மாவட்டம் எந்தக் கலர்ல எத்தனை வாரம் இருந்துச்சோ அதை வெச்சு மாசத் தீவனச் செலவுல 60 சதவீதம்னு கணக்கு பண்ணி சில மாசத்துக்கான பணம் வரும். ஆனா கதையைக் கேளுங்க, அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 30ஓட காலாவதி ஆயிருச்சு. வறட்சி உச்சத்துல இருக்குறப்ப! மறுபடி சட்டம் வந்தது 2014 பிப்ரவரியில. பழைய நஷ்டத்துக்கும் சேத்துதான் குடுத்தாங்க, நிரந்தரத் திட்டமாவும் ஆக்குனாங்க, தப்பு சொல்லல, ஆனா 2012ல வட்டிக்கு வாங்கி புல் போட்டவனுக்கு 2014ல செக் வந்தா அவன் மாட்டை எப்பவோ வித்திருப்பான்.

வரிச் சலுகையும் உண்டு, வறட்சியால வழக்கத்தை விட அதிகமா வித்த இனவிருத்தி மாட்டுக்கு, குறிப்பிட்ட வருஷத்துக்குள்ள, பொதுவா 4 வருஷம், திரும்ப மாடு வாங்கிட்டா அந்த லாபத்துக்கு அப்போ வரி கட்ட வேண்டாம். வாங்கலேன்னா கட்டணும். இன்சூரன்ஸ் வேற மாதிரி, உன் மாடு செத்துச்சா இளைச்சுதான்னு எவனும் வந்து பாக்க மாட்டான், வரைபடத்துல கட்டம் கட்டமா பிரிச்சதுல உன் நிலம் இருக்குற கட்டத்துல மழை அளவு சராசரியை விட எவ்ளோ கம்மின்னு பாத்து பணம். அந்தக் கட்டமே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் அகலம். கட்டத்தோட ஒரு மூலையில மழை கொட்டி உன் மூலை காஞ்சிருந்தா உன் பாடு.

அதிக மாடு விட்டு கெடுக்குறது பத்தி சொன்னது உண்மை. புல்லுல பாதியைத் தின்ன விடு, பாதியை விடுன்னு பழைய விதி ஒண்ணு இருக்கு, அதை மீறுனவன் மேய்ச்சல்தான் முதல்ல செத்துது. மேல இருக்குற இலையை மொட்டையா மேய விட்டா கீழ வேரும் சுருங்கிப் போகும், அப்புறம் மழை பெஞ்சாலும் அந்தப் புல் வராது, களைதான் வரும்.

பிரிஸ்பேன்_பய:

ஆஸ்திரேலியாவுல இருந்து ஒரு தகவல். இங்க 2019தான் நாட்டோட பதிவுலயே ரொம்ப காஞ்ச வருஷம், நாடு முழுக்க சராசரி 277 மில்லிமீட்டர்தான். இங்க ஒரு பழைய பழக்கம் இருக்கு, கால்நடை ஓட்டிட்டுப் போறதுக்குன்னே அந்தக் காலத்துல ஒதுக்குன பாதைகள், ரோட்டோரப் புறம்போக்கு மாதிரி, பல கிலோமீட்டருக்குப் புல்லு இருக்கும், "நீள மேய்ச்சல்"னு சொல்லுவாங்க. சொந்தக் காட்டுல புல் தீந்தா பர்மிட் வாங்கி மந்தையை அதுல எறக்கி மாசக்கணக்கா மேச்சுக்கிட்டே போவாங்க, ராத்திரி கேம்ப். குயின்ஸ்லாந்துல முல்கான்னு ஒரு மரம், அதைத் தள்ளி விட்டு இலையைத் தின்ன விடுவாங்க.

ஆனா நான் சொல்ல வந்தது 2019 பிப்ரவரி. வடக்கு குயின்ஸ்லாந்துல வருஷக்கணக்கா காஞ்சு கெடந்த பூமி, மழை ஆரம்பிச்சதும் ஜனங்க சந்தோஷத்துல ஆடுனாங்க. அது நிக்கவே இல்ல. கூடவே குளிர் காத்து. வறட்சியில எலும்பும் தோலுமா இருந்த மாடுங்க, உடம்புல கொழுப்பே இல்ல, நாள்கணக்கா தண்ணிக்குள்ள நின்னு வெறைச்சே செத்துது. கிட்டத்தட்ட 5 லட்சம் மாடுன்னு மதிப்பீடு. வறட்சியில வித்துடாம எப்படியோ கடன் வாங்கிக் காப்பாத்தி வெச்சவங்கதான் அதுல மொத்தமா இழந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அதுக்கப்புறம் மழை சத்தம் கேட்டா தூங்க மாட்டேங்குறாரு.

அப்புறம் இதையும் சொல்லிடுறேன், இங்க யாரும் பேசல. நியூ சவுத் வேல்ஸ்ல 1970ல இருந்து 2007 வரைக்குமான பதிவுகளை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, வறட்சி கடுமையாகுறப்போ கிராமத்துல 30ல இருந்து 49 வயசு ஆம்பளைங்க தற்கொலை பண்ணிக்கிற அபாயம் சுமார் 15 சதவீதம் வரைக்கும் கூடுதுன்னு வந்துச்சு. தினமும் எழுந்திரிக்க முடியாம கெடக்குற மாட்டைத் துப்பாக்கியால சுட்டு முடிக்கிற வேலையும் அவன்தானே செய்யணும், அதை வேற யார் செய்வா. இன்சூரன்ஸ் ஃபாரத்துல அதுக்குக் கட்டம் கெடையாது. பக்கத்துல அப்பிடி யாராச்சும் ஒதுங்கி ஒதுங்கிப் போறது தெரிஞ்சா சும்மா வண்டியை எடுத்துட்டுப் போய் வேலியோரமா நின்னு பேசுங்க, மாட்டைப் பத்தியே பேசுங்க.

மாட்டுடாக்டர்:

பிரிஸ்பேன் சொன்னது சத்தியம். அந்த நேரத்துல கால்நடை டாக்டர் போற எடத்துல மாட்டை விட மனுஷனைத்தான் அதிகம் பாக்க வேண்டியிருக்கும்.

நாலாவது பெஞ்ச் கேட்டதுக்கு ஒண்ணு சேத்துக்குறேன். திட்டமும் வரைபடமும் இருக்குற நாட்டோட நிலைமை இது. கிழக்கு ஆப்பிரிக்காவுல, கென்யா எத்தியோப்பியா சோமாலியா பக்கம், 2020 கடைசியில இருந்து வரிசையா 5 மழைக்காலம் பொய்ச்சுது, 90 லட்சத்துக்கு மேல கால்நடை செத்துது. அங்க மாடுதான் பேங்க், மாடுதான் பால், சீர், கௌரவம் எல்லாம். டெக்சாஸ்காரன் மாட்டை வித்தா நஷ்டம், அங்க மாடு போனா புள்ளைக்குப் பால் இல்ல. கென்யாவுல மார்சபிட்ங்கிற எடத்துல 2010ல ஒரு இன்சூரன்ஸ் ஆரம்பிச்சாங்க, சேட்டிலைட்ல இருந்து பூமி எவ்ளோ பச்சையா இருக்குன்னு பாத்து, பச்சை கொறைஞ்சா பணம். அப்புறம் அதையே கொஞ்சம் மாத்தி மாடு சாகறதுக்கு முன்னாடியே பணம் குடுக்குற மாதிரி பண்ணாங்க, தீவனம் வாங்க உதவணும்னு. செத்த மாட்டுக்குக் காசு குடுக்குறதை விட இது எவ்வளவோ மேல், என்னைக் கேட்டா மத்த நாடும் இதைத்தான் பாத்துக் கத்துக்கணும்.

வெட்டிப்பேச்சு:

நாலாவது பெஞ்ச் அண்ணன் சத்தத்தையே காணோம் 😄

ஒரே ஒரு கேள்வி லப்பக் அண்ணா. உங்க வீட்டு ஓனர் கடைசியில என்ன ஆனாரு? திரும்ப மாடு வாங்குனாரா?

லப்பக்வாசி:

60ல 14ஐ மட்டும் வெச்சுக்கிட்டாரு. எல்லாம் அவர் அப்பா காலத்து மாட்டு வழியில வந்தது. ஏன் அந்த 14ன்னா, அதுங்களுக்கு அந்தக் காடு தெரியும், எந்த ஓடையில தண்ணி ஊறும், எந்தச் செடியைத் தொடக் கூடாது, குளிர் காத்து அடிச்சா எந்த மேட்டுக்குப் பின்னாடி ஒதுங்கணும்னு தாய்கிட்ட இருந்து கத்துக்கிட்டு வந்தது. வெளியில வாங்கிட்டு வர்ற மாட்டுக்கு அதைச் சொல்லித் தர ஆள் வேணும், அந்த ஆளும் மாடுதான். வித்தது போயிருச்சுன்னா அந்த ஞாபகத்தைக் காசு குடுத்து வாங்க முடியாதுன்னு சொல்லுவாரு.

2012, 2013லயும் மழை சரியில்ல. 2014ல விலை ஏறுனப்போ பையன் லோன் போட்டு வாங்கலாம்னான், இவரு வேண்டாம்னுட்டாரு, ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை, ரெண்டு மாசம் பேசிக்கல. 2015 மே மாசம் வந்துச்சு பாருங்க மழை, டெக்சாஸ்ல அதுவரைக்கும் எந்த மாசமும் அப்படிப் பெஞ்சதில்ல. முதல்ல பூரா களைதான் வந்துச்சு, அப்புறம் பின்னாடியே புல்லும் வந்து ஜூலை கடைசியில இடுப்பு ஒசரத்துக்கு நின்னுச்சு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தா 14 மாட்டோட முதுகு கூட தெரியல, காது மட்டும் அங்கங்க ஆடும்.

திங்க மாடு இல்லாததால ஆளை வெச்சு அந்தப் புல்லை அறுத்து, உருண்டைக் கட்டு கட்டி, வித்துட்டாரு.